வீட்டு மனையில் இருக்கும் பெரிய மரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம், குரோம்பேட்டை, நங்கநல்லூர், மடிப்பாக்கம் பக்கம் தனி வீடு கட்டிக் குடிவந்தவர்கள் அப்போது நட்ட வேம்பும் மாவும் தென்னையும் இன்று மொட்டை மாடியைத் தாண்டி நிற்கின்றன. எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் மரத்தைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னைப் புறநகரை மனதில் வைத்து எழுதியது. மலைப் பகுதிக்கோ டெல்டா தோப்புகளுக்கோ சில பதில்கள் பொருந்தாது.

முப்பது வருஷமா தானா வளர்ந்த மரம் சார். இனிமே அதுக்கு என்ன கவனிப்பு?

உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். முதலில் அடிமரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். தரையை ஒட்டி அடிமரம் அகன்று விரிந்து மண்ணுக்குள் இறங்க வேண்டும். கம்பத்தை நட்டதுபோல நேராக இறங்கினால், யாரோ எப்போதோ மண்ணைக் கொட்டி அடியை மூடியிருக்கிறார்கள் என்று பொருள். சிமென்ட் தளம் பட்டையை நெருக்குகிறதா, காளான் முளைத்திருக்கிறதா, கொடிக்கம்பி பட்டைக்குள் புதைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

நான் பார்த்த வரையில் வீட்டு மரங்களைப் பூச்சி கொன்றதைவிடத் தரையில் நாம் செய்த வேலைகள் கொன்றதுதான் அதிகம். எல்லாரும் இலையைப் பார்த்துவிட்டு ஓடி வருகிறார்கள். நான் வேரைப் பற்றிக் கேட்கிறேன். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் வேரைப் பற்றியே இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பெரிய மரத்துக்குத் தண்ணி ஊத்தணுமா? வேர் ஆழத்துல இருக்குமே?

ஊற்ற வேண்டும். வேர் ஆழத்தில் இல்லை. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அதிலும் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மேல் ஓரடியிலேயே நெருக்கமாக இருக்கும். பக்கவாட்டில் அவை கிளைகளின் நிழலைத் தாண்டியும் வெகுதூரம் ஓடும். கிளைக்கு நிகரான உயரத்துக்கு ஆணிவேர் கீழே இறங்கியிருக்கும் என்பது பள்ளிப் புத்தகப் படத்தால் வந்த நம்பிக்கை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டிவிடும். மாசியிலிருந்து ஆனி வரைதான் வறட்சி. அந்த மாதங்களில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அடிமரத்தில் இல்லாமல் கிளை நுனிகளின் நிழல் விழும் வட்டத்தில், மண் ஓரடி நனையும்படி மெதுவாக விடுங்கள். தினமும் ஒரு குடம் அடியில் ஊற்றுவதில் பயன் இல்லை, பட்டைதான் அழுகும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் அதே வட்டத்தில் மூன்று அங்குலம் பரப்புங்கள், பட்டையைத் தொடாமல். உரம் வேண்டாம் என்றதற்கும் இதுவே காரணம். மரம் உதிர்ப்பது மரத்துக்கே திரும்பிவிடுகிறது.

வேப்பமரம் நுனியெல்லாம் பழுப்பா காய்ஞ்சு போச்சு. செத்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. மழைக்காலம் முடியும் நேரத்தில், கார்த்திகை முதல் தை வரை, இளந்தளிர்கள் கருகித் தொங்குவதைக் கடந்த சில வருடங்களாகப் பல இடங்களில் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்று சொல்லப்படும் பூச்சி தளிரில் சாறு உறிஞ்சுகிறது, கூடவே நுனிக்கருகல் பூஞ்சாணமும் சேர்கிறது. வெயில் ஏற ஏற இரண்டும் அடங்கிவிடும். இதைத் தவிர தை, மாசியில் வேம்பு இயல்பாகவே இலை உதிர்க்கும்.

விரல் தடிமனுள்ள கிளையில் நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் பங்குனிக்குள் துளிர்க்கும். நாற்பது அடி மரத்துக்கு மருந்து அடிக்கக் கிளம்ப வேண்டாம். மருந்து பாதிகூட நுனிக்குப் போகாது, மீதி உங்கள் கிணற்றுக்கும் பக்கத்து வீட்டுப் பால்கனிக்கும்தான் போகும். சித்திரை முடிந்தும் ஒரு பக்கம் மட்டும் துளிர்க்கவில்லை என்றால் விஷயம் வேறு. அந்தப் பக்கத்து வேருக்கு என்ன நடந்தது என்று தேடுங்கள். போர் போட்டதா, வடிகாலுக்குத் தோண்டியதா?

கிளை வெட்ட எந்த மாசம் சரி?

காய்ந்த கிளை, முறிந்து தொங்கும் கிளை என்றால் எந்த நாளும் சரி. மாமரத்துக்குக் காய் இறக்கிய பிறகு, ஆனி, ஆடியில். மற்ற மரங்களின் பாரத்தைக் குறைப்பதாக இருந்தால் ஆவணிக்குள் முடித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு ஆள் தேடினால் கிடைக்கிற ஆள் கண்டபடி வெட்டிவிட்டுப் போவார். அக்கினி நட்சத்திர வெயிலில் வெட்டினால் இதுவரை நிழலில் இருந்த பட்டை வெந்து வெடிக்கும். வெட்டுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்று ஒருவர் மேலே ஏறிப் பார்க்கட்டும். குஞ்சு இருந்தால் சில வாரம் பொறுப்பதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஆளைக் கூப்பிட்டா மொட்டை அடிச்சிட்டுப் போயிடறாங்க. எப்படித்தான் வெட்டச் சொல்றது?

அதிகம் கேட்கப்படும் கேள்வியும் இதுதான், அதிகம் சேதம் நடப்பதும் இதில்தான். மரத்தை மொட்டை அடித்தால் அது உணவு தயாரிக்கும் இலையை முழுக்க இழக்கிறது. சேமித்ததைச் செலவழித்துக் கொத்துக் கொத்தாகப் புதுக்கிளை விடும். பார்க்கப் பச்சையாக இருக்கும், ஆனால் அந்தக் கிளைகள் உள்கட்டையிலிருந்து வருவதில்லை. பட்டையை ஒட்டி மேலோட்டமாகப் பிடித்திருக்கும். வெட்டிய இடம் அதற்கடியில் அழுகிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு காற்றில் அந்தக் கிளைகள்தான் முதலில் பிய்த்துக்கொண்டு விழுகின்றன. பயத்துக்காக மொட்டை அடித்த மரம், அடிக்காததைவிட ஆபத்தானதாக ஆகிறது.

ஒரு வருடத்தில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. கிளையை நடுவில் துண்டிக்காமல், அது பிரியும் இடத்துக்கே போய் வெட்ட வேண்டும். கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் மோதிரம்போல ஒரு தடிப்பு இருக்கும். அந்தத் தடிப்பைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டுங்கள், குச்சி நீட்டிக்கொண்டும் இருக்கக் கூடாது. கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்குவது முறை. முதலில் தடிப்பிலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு, அப்புறம் அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து. கிளை விழுந்த பிறகு மீதிக் கட்டையைத் தடிப்பை ஒட்டி எடுத்துவிடலாம். ஒரே வெட்டில் இறக்கினால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு போகும்.

கூலி பேசும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘காசு கம்மி, விறகை நான் எடுத்துக்கறேன்’ என்கிற பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். விறகு அவருக்கு என்றால் நல்ல தடிமனான கிளைகள்தான் இறங்கும். கூலியை முழுதாகக் கொடுத்துவிட்டு, எந்தெந்தக் கிளை என்று வண்ணக் கயிறு கட்டிக் காட்டுங்கள். வேலை முடியும்வரை கூடவே நில்லுங்கள்.

வெட்டின இடத்துல சாணி பூசணுமா, தாரா, பெயின்டா?

எதுவும் வேண்டாம். நமக்குப் புண் ஆறுவதுபோல மரத்துக்கு ஆறுவதில்லை. காயத்தைச் சுற்றி உள்ளே ஒரு தடுப்பை எழுப்பி, கெட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு, அதன்மேல் புதுக்கட்டையை வளர்த்து மூடுகிறது. அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் பிளந்து பார்த்து இதை விளக்கினார். காயத்தில் பூசும் பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும் அவர் ஆய்வுகள் காட்டின. தார் பூசினால் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சாணத்துக்கு வசதியாகிவிடும்.

மாந்தோப்புகளில் வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) தடவும் பழக்கம் உண்டு. மாமரத்துக்கு அதைச் செய்வதில் தவறில்லை. மற்றபடி முந்தைய பதிலில் சொன்ன தடிப்பைக் காப்பாற்றினாலே போதும், மூடும் வேலையை மரம் பார்த்துக்கொள்ளும்.

கரையான் ஏறுது. சுண்ணாம்பும் செம்மண்ணும் அடிச்சா போதுமா?

மரத்தில் மண்கூடு கட்டும் கரையான் பெரும்பாலும் தின்பது செத்த வெளிப்பட்டையை. தென்னந்துடைப்பத்தால் தட்டிவிட்டால் போதும். சுண்ணாம்பு அடிப்பதால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. கரையான் ஒரே இடத்தில் அடிமரத்துக்குள்ளே போகிறது என்றால் அங்கே கட்டை ஏற்கெனவே செத்திருக்கிறது. அதற்கான பதில் புயல் பற்றிய கேள்வியில் இருக்கிறது.

தென்னை ஓலையெல்லாம் கருப்பா மை பூசின மாதிரி இருக்கு. கீழ நிக்கிற காரும் பிசுபிசுன்னு ஆகுது.

சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்டு, அப்புறம் மாநிலம் முழுக்கப் பரவியது. ஓலைக்கு அடியில் இருந்து சாறு உறிஞ்சி, தேன் போன்ற கழிவை விடுகிறது. அந்தக் கழிவின்மேல் கரும்பூசணம் படர்கிறது. இதனால் தென்னை செத்துப்போவதில்லை. பூச்சிக்கொல்லி அடிக்காமல் இருப்பதுதான் இங்கே மருந்து. என்கார்சியா என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு குளவி இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டை வைத்து அழிக்கிறது. மருந்து அடித்தால் முதலில் போவது அந்தக் குளவி. ஓலை அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிக்கலாம், மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டலாம். கரும்பூசணம் உரிந்து விழ, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கூழாக்கித் தெளிக்கச் சொல்கிறார்கள்.

வெள்ளை ஈயைவிட வண்டுக்குத்தான் பயப்பட வேண்டும். விரிந்த ஓலை விசிறி வடிவில் கத்தரித்ததுபோல இருந்தால் காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைகிறது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வைக்கச் சொல்லுங்கள். அடிமரத்தில் ஓட்டை விழுந்து செம்பழுப்புச் சாறு வழிந்தால் சிவப்புக் கூன்வண்டு. அதற்கு அன்றே ஆள் வேண்டும். ஏறுவதற்கு வசதி என்று தென்னையில் படி வெட்டவே விடாதீர்கள். தென்னை, பனை வகையில் அடிமரத்துக் காயம் எப்போதும் மூடாது, கூன்வண்டுக்கு அதுவே வாசல். பச்சை மட்டையையும் ஒட்ட வெட்டக் கூடாது.

மாமரத்துல ஓட்டை போட்டு மரத்தூள் கொட்டுது. வேற ஏதோ செடியும் கிளையில முளைச்சிருக்கு.

தூள் கொட்டினால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு இருக்கிறது. ஓட்டை ஈரமாக, தூள் புதிதாக இருந்தால் புழு இன்னும் உயிரோடுதான். சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் குத்தி இழுங்கள், அப்புறம் ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள். முளைத்திருப்பது புல்லுருவி. அதை மட்டும் பிய்த்தால் மறுபடி வரும், அதன் வேர் கிளைக்குள்ளே ஓடியிருக்கும். அது ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே கிளையோடு எடுங்கள். பழத்தைப் பறவைகள் பரப்புவதால் பூ, காய் வருவதற்கு முன்பே எடுப்பது நல்லது.

வேர் அஸ்திவாரத்தை உடைச்சிடும்னு மேஸ்திரி பயமுறுத்தறார். வெட்டிடலாமா?

சரியாகப் போட்ட அஸ்திவாரத்தை வேர் மோதி உடைப்பதில்லை. தடை வந்தால் வேர் திரும்பிப் போகும். ஏற்கெனவே விரிசல் இருந்து ஈரம் கசிந்தால் அதற்குள் நுழைந்து பெரிதாகும். செப்டிக் டேங்க், கழிவுநீர்க் குழாய் இணைப்புகளில் வேர் போவதும் இப்படித்தான். வேரை வெட்டுவதைவிட ஒழுகலை அடைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. மடிப்பாக்கம், வேளச்சேரி போன்ற பழைய ஏரி, வயல் நிலங்களில் களிமண். அங்கே கோடையில் மண் சுருங்கி ஆழமில்லாத அஸ்திவாரம் இறங்கலாம், மரம் அந்தச் சுருக்கத்தை அதிகமாக்கும். விரிசல் கோடையில் விரிந்து மழையில் மூடுகிறதா என்று ஒரு வருடம் பென்சில் குறி போட்டுப் பார்த்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

காம்பவுண்டு சுவர் வேறு கதை. லேசான சுவரை வேர் தூக்கும். வேர் கடக்கும் இடத்தில் அடித்தளம் இல்லாமல் மேலே ஒரு பீம் போட்டுத் தாண்டிவிட்டால் சுவரும் நிற்கும், மரமும் நிற்கும். மாடிச் சுவர் இடுக்கில் முளைக்கும் அரசு, ஆலுக்கு மட்டும் இரக்கம் காட்டாதீர்கள். இரண்டு இலை விடும்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

மரத்தை ஒட்டி பேவர் பிளாக் போட்டுக்கலாமா? சேறு தாங்க முடியல.

அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் மண்ணாகவே இருக்கட்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றியுள்ள கான்கிரீட்டை இந்த அளவுக்கு அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் உத்தரவிட்டது. ஒரு மீட்டர் என்பது கடைசி எல்லை, போதுமான அளவு அல்ல. அதற்கு வெளியே கல் பதிப்பதானால் கீழே கான்கிரீட் இல்லாமல் மணல் மேல், இடைவெளி விட்டுப் பதியுங்கள். தளத்தை மட்டமாக்க என்று மேலே தெரியும் வேர்களைச் சீவ விடாதீர்கள்.

ரோடு ஒசந்துக்கிட்டே போகுது. மனையை மூணடி ஏத்தப் போறோம். மரத்துக்கு ஒண்ணும் ஆகாதே?

ஆகும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நம் பகுதிப் பெரிய மரங்களுக்கு வந்த முதல் எதிரி இதுதான் என்று நான் நினைக்கிறேன். வேருக்கும் மூச்சு விடக் காற்று வேண்டும், அதனால்தான் அது மேல் மண்ணில் இருக்கிறது. அதன்மேல் மூன்றடி மண்ணோ கட்டட இடிபாடோ கொட்டி, ரோலர் விட்டு இறுக்கினால் காற்று நின்றுவிடும். மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் கழித்து நுனி காய ஆரம்பிக்கும். அப்போது யாருக்கும் மண் கொட்டியது நினைவில் இருக்காது, பூச்சி என்று மருந்து வாங்குவார்கள். அடிமரம் கம்பம்போல மண்ணுக்குள் இறங்குகிறதா என்று முதல் பதிலில் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

வீடு நிற்கும் பகுதியை மட்டும் உயர்த்துங்கள், மரம் நிற்கும் பகுதியைப் பழைய மட்டத்திலேயே விடுங்கள். நடுவில் ஒரு தாங்குசுவர், இரண்டு படி. மழைநீர் அங்கே தேங்கும் என்பார்கள். அங்கேயே ஒரு மழைநீர் சேகரிப்புக் குழியை, வேரைத் தவிர்த்து ஓரமாகப் போடுங்கள். அடிமரத்தைச் சுற்றி மட்டும் உறைக்கிணறு மாதிரி விட்டுவிட்டு மற்ற இடத்தை மூடுவது பட்டையை மட்டும்தான் காப்பாற்றும். வேர்ப்பரப்பு மூச்சு முட்டிப்போகும். வேறு வழியே இல்லை என்றால், இடிபாட்டுக்குப் பதில் பெருஞ்சல்லி, ஆங்காங்கே துளையிட்ட பி.வி.சி. குழாய்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே கொஞ்சம் மணல். இது மரத்துக்கு ஒரு வாய்ப்பைத் தரும், உத்தரவாதம் தராது. ஏற்கெனவே மண் கொட்டி ஒரு வருடம்தான் ஆகிறது என்றால் கையால் தோண்டி எடுத்துவிடுங்கள், மண்வெட்டி வேரில் படாமல்.

வர்தா மாதிரி புயல் வந்தா எங்க மரம் விழுமா? எப்படித் தெரிஞ்சுக்கிறது?

2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்தபோது சென்னையில் பல ஆயிரம் மரங்கள் சாய்ந்தன. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவை தெருத்தெருவாக விழுந்து கிடந்தன. கட்டை மென்மை, குடை அகலம். வேம்பு, புங்கம், புன்னை, பூவரசு ஓரளவு தாங்கின. ஆனால் நாட்டு மரம் என்றால் விழாது என்று நம்பிவிடாதீர்கள். ஒரு பக்க வேரை வடிகாலுக்காக வெட்டிய வேம்பும் விழுந்தது. மரத்தின் இனத்தைவிட வேரின் நிலை முக்கியம்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் இவை. அடிமரத்தின் ஒரு பக்கம் மண் புதிதாக வெடித்திருப்பது அல்லது மேடாகியிருப்பது. முன்பு நேராக இருந்த மரம் சமீபத்தில் சாய்ந்திருப்பது (சின்ன வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்ததற்குப் பயம் இல்லை). அடியில் பலகை மாதிரி கெட்டிக் காளான். இரண்டு பெருங்கிளைகள் ஒடுங்கிய கோணத்தில் பிரிந்து, நடுவில் பட்டை உள்மடங்கி விரிசல் விட்டிருப்பது. இவற்றில் முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் மழைக்காலத்துக்கு முன் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். காளான் வந்த தூங்குமூஞ்சி படுக்கையறையின் மேல் நின்றால், நானே வெட்டச் சொல்வேன்.

பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. உள்கட்டை செத்தது, வெளிச்சுவர்தான் மரத்தைத் தாங்குகிறது. நல்ல கட்டையின் தடிமன் அடிமரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பொதுவாக நிற்கும் என்பது பயன்பாட்டில் உள்ள ஒரு அளவு. பொந்தில் சிமென்ட் அடைக்க வேண்டாம். மரம் ஆடும்போது சிமென்ட் ஆடாது, உள்ளே உரசி நல்ல கட்டையையும் கெடுக்கும்.

விழுந்த மரத்தை நிமிர்த்தி வெச்சா பிழைக்குமா?

தொடை தடிமனுக்குள் இருக்கும் மரம், பாதி வேராவது மண்ணில் இருந்தால், இரண்டு மூன்று நாளுக்குள் செய்தால் பிழைக்கலாம். வேரை ஈரச் சாக்கால் மூடுங்கள், கிழிந்த வேரைச் சுத்தமாக வெட்டி, கிளையைக் குறைத்து, நிமிர்த்தி மூன்று பக்கம் முட்டுக் கொடுங்கள். பெரிய மரம் துளிர்த்தாலும் அதன் பிடிப்பு திரும்புவதில்லை. அடுத்த புயலில் அது எங்கே விழும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டு மாமரம் எங்க பக்கம் தொங்குது. நாங்களே வெட்டலாமா?

உங்கள் எல்லைக்குள் நீட்டியிருக்கும் பகுதியை, அவர் மனைக்குள் கால் வைக்காமல் வெட்ட உங்களுக்கு உரிமை உண்டு. வெட்டிய கிளையும் அதிலிருக்கும் காயும் அவருடையவை. ஆனால் எல்லைக்கோட்டை வைத்து வெட்டினால் கிளை நடுவில் துண்டாகும், மரம் கெடும். முதலில் பேசுங்கள். கிளை பிரியும் இடத்தில் அவரே வெட்ட, செலவில் பாதி நீங்கள் கொடுப்பதாகச் சொன்னால் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். மரம் விழும் நிலையில் இருந்தும் அவர் கேட்கவில்லை என்றால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். விழுந்து காயம் உண்டாக்கக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆவது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆவது பிரிவு, அதிகாரம் தருகிறது.

வாசல்ல நிக்கிற மரம் நாங்க நட்டதுதான். வெட்ட யார்கிட்ட கேக்கணும்?

கேட்டுக்கு வெளியே இருந்தால் யார் நட்டிருந்தாலும் அது பொது மரம். மாநகராட்சி அல்லது நகராட்சியிடம் எழுதிக் கொடுங்கள். பொது நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழு பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மனைக்குள் இருக்கும் மரத்துக்கும் வெட்டுமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. சந்தனம் என்றால் வனத்துறை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. மின்கம்பியை உரசும் கிளையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், ஆளையும் ஏற்றாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987 எண்ணில் சொன்னால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வெட்டுவார்கள்.

வீட்டை இடிச்சு ரெண்டு மாடி கட்டப் போறோம். வேப்பமரத்தைக் காப்பாத்த முடியுமா?

முடியும், வரைபடம் போடுவதற்கு முன்பே முடிவெடுத்தால். நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து நாலால் பெருக்குங்கள். ஐந்தடி சுற்றளவு என்றால் இருபதடி. அடிமரத்திலிருந்து அத்தனை அடி ஆரமுள்ள வட்டம்தான் தோண்டாமல், மண் கொட்டாமல் காக்க வேண்டிய வேர்ப்பரப்பு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் கட்டுமான விதிகள் அடிமர விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கச் சொல்கின்றன, கணக்கு ஏறக்குறைய அதேதான். 40க்கு 60 கிரவுண்டில் அந்த வட்டம் பாதி மனை. முழுக்க விட முடியாது, தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், இரண்டு பக்கமும் வெட்டினால் மரம் நிற்காது. வேர்ப் பக்கம் தொடர் அடித்தளத்துக்குப் பதில் பைல் (ஆழமாக இறங்கும் தூண் அடித்தளம்) போட முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள்.

வேலை தொடங்கும் நாளுக்கு முன் அந்த வட்டத்தைச் சுற்றித் தகர வேலி போடுங்கள், வெறும் கயிறு போதாது. உள்ளே ஜல்லி, மணல், செங்கல் எதுவும் குவியக் கூடாது, லாரி ஏறக் கூடாது, சிமென்ட் கழுவிய தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒப்பந்தத்திலேயே இதை எழுதி, மீறினால் எவ்வளவு பிடித்தம் என்றும் போடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொன்ன இடங்களில் முதல் லோடு மணல் மரத்தடியில்தான் கொட்டப்பட்டது. கட்டி முடித்த பிறகும் அடுத்த மூன்று கோடைக்கு, மேலே சொன்ன விதத்தில் தண்ணீர் விடுங்கள். வேரில் பட்ட அடி வெளியே தெரிய அத்தனை காலம் ஆகும்.